கை காயும்வரை

"கை நல்லாக் காஞ்ச பெறவு உள்ள விடுங்கக்கா, ஈரத்தோட விட்டா அந்த வாடை பெட்டிக்குள்ளயே தங்கிருமாம், புள்ள அதத்தான் மூச்சுல இழுக்குமாம், நேத்து டிரெய்னிங்ல சொன்னாங்க…" செருப்பை வெளியே விடுங்கள் என்பதுபோல இதைச் சொல்லிவிட்டு மாரிசெல்வி சிஸ்டர் அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விட்டாள், நான் மட்டும் சானிடைசர் சொட்டும் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்குபேட்டர் முன்னால் நிற்கிறேன், நேற்றுதான் சொன்னார்கள் என்றால் இதுவரை போன ஒன்பது நாள்? எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஒரு கிலோ நானூறு கிராமில், கண்ணாடிக்குள் கிடக்கிற பிள்ளை, காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் என்று அளந்து கொடுக்கிறார்கள், அதில் கை காய்வதற்கென்று ஒரு நிமிடத்தை எந்தத் தாய் விட்டுக்கொடுப்பாள், தேய்த்த கையோடு பாய்ந்து, பெட்டியில் கை விடுகிற வட்டக் கதவைத் திறப்பேன், சில்லென்று இருக்கும், சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்… ஒன்பது நாள், பதினெட்டு தடவை, தடவைக்குச் சானிடைசர் பாட்டிலில் மூன்று அமுக்கு, அல்லாவே.

மூன்று அமுக்கு யார் சொன்னார்கள், ஒருவரும் சொல்லவில்லை, சுவரில் ஒட்டிய தாளில் ஒன்று என்றுதான் படம் போட்டிருக்கிறது, தொழுகைக்கு ஒளு எடுக்கும்போது கையை மூன்று முறை கழுவுகிறோமே, அந்தப் பழக்கத்தில் நானாக மூன்றாக்கிக்கொண்டேன், ஒளு எடுத்த ஈரத்தோடே போய்த் தொழுகைக்கு நிற்பதில்லையா, அதுபோல இந்த ஈரமும் நல்லது என்றே மனதில் பதிந்துவிட்டது, இதில் எனக்குப் பெருமை வேறு, பக்கத்துப் பெட்டிப் பிள்ளையின் அம்மா, பனவடலிசத்திரத்துப் பொன்செல்வி, ஒரு சொட்டு எடுத்துக் கையை ஆட்டி ஆட்டி நிற்பாள், "ஏன்க்கா, புள்ளைக்குப் போயி கஞ்சப்படலாமா?" என்று கேட்டேனே, அவள் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கையை ஆட்டினாள், நல்லவேளை நான் சொன்னதைக் கேட்கவில்லை, அவள் பிள்ளையை நாளைக்கு வெளியே எடுக்கிறார்களாம், என் பிள்ளைக்கு மட்டும் இன்னும் நாள் சொல்லவில்லை… இதனாலா? இருக்காது, எடை ஏறவில்லை என்றுதானே டாக்டர் சொன்னார், எடை ஏன் ஏறவில்லை?

"சிஸ்டர், புள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?" என்று கேட்டுவிட்டேன், குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா, இனிமே காயவச்சிட்டு விடுங்க, என்னா?" ஒன்றும் ஆகாதென்றால் இனிமேல் ஏன் காயவைக்க வேண்டும், டாக்டர் ஒரு மணிக்கு வருவார், அவரிடம் கேட்கலாம், கேட்டால் மூன்று அமுக்கையும் சொல்லவேண்டும், படித்த பெண்தானே நீ என்பார், திட்டட்டும், திட்டினால்கூடப் போதும்… உள்ளே அவன் அழத் தொடங்கிவிட்டான், கண்ணாடிக்குள்ளிருந்து மெல்லிசாகத்தான் கேட்கிறது, வழக்கமாக என் கை உள்ளே போனதும் அடங்கிவிடுவான், இரண்டு நிமிடம்கூட ஆகாது, அப்படியே கண்சொருகித் தூங்கிப்போவான், சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரிடம், மச்சானிடம், தினமும் இதைத்தான் சொல்லுகிறேன், கேட்டதும் "பாத்தியா, உம்மா கைன்னு தெரிஞ்சுக்கிட்டான்" என்று அந்த மனிதர் அங்கிருந்து அழுவார்… கண்சொருகி என்றா சொன்னேன்? அது தூக்கம்தானா? என் மூக்குக்கே தலையைக் கிறுகிறுக்க வைக்கிற வாடை, உள்ளங்கையளவு நெஞ்சு அது, அதை இழுத்து மயங்கிக் கிடந்தவனைத்தான் என்னிடம் அடங்கினான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனா?

காய்ந்துவிட்டது, முகர்ந்து பார்க்கிறேன், முகக்கவசத்தை விலக்கி மறுபடியும் பார்க்கிறேன், வாடை இல்லை, மூன்று நிமிடம்தான் மிச்சம், வட்டக் கதவைத் திறந்து அவன் நெஞ்சில் விரல் வைக்கிறேன், என் வாப்பா, என் ராசா, உம்மா வந்திருக்கேன்… அழுகை நிற்கவில்லை, முகம் சிவக்கிறது, காலை உதைக்கிறான், நிற்கவில்லை, "பசியா இருக்கும்க்கா" என்கிறாள் சிஸ்டர், பசியாக இருக்கலாம், நேற்றும்தான் பசித்திருக்கும், அடங்கினானே, அழட்டும், நன்றாகத் தெளிவாகத்தான் இருக்கிறான் என்று ஒரு நிம்மதி, ஆனால் சாயங்காலம் மச்சான் போனில் முதலில் அதைத்தான் கேட்பார், இன்னைக்கும் அடங்குனானா என்று, அடங்கவில்லை என்று சொன்னால் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா, எனக்கே தெரியவில்லையே.