லிண்டிவேவுக்கு ஒரு வட்டல்

1

"அண்ணனுக்கு எழுதற காட்டுல எனக்கும் பாதி வேணும்."

கேட்கவே கூடாது என்று பழக்கியிருந்ததைச் செல்லாயி கேட்டுவிட்டாள். கதை பிறந்தது அங்கேதான். ('நான் கேட்டேன்' என்றுதான் முதலில் எழுதினேன். எங்கள் புதுச்சத்திரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வரியை அடித்தாயிற்று.)

1989. குடும்ப நிலத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று சட்டம் வந்த வருசம். பங்கே வேண்டாமென்று அவளிடம் கையெழுத்து வாங்க அப்பா வெள்ளிக்கிழமை குறித்தார். போடமாட்டேன் என்றாள். அதிலிருந்து யாரும் அவளோடு பேசுவதில்லை. அவள் காதுபட எருமையிடம் பேசுகிறார்கள்.

"ஏனுங்க எருமையம்மா, பி.ஏ. படிச்சா அண்ணன் சொத்தக் கேக்கோணுமுங்களா?" இது அண்ணன் ராசு.

2

கதவைச் சாத்திக்கொண்டு செல்லாயி லிண்டிவேயின் வாழ்க்கையை எழுதினாள். [லிண்டிவே என் கற்பனை. ஆப்பிரிக்காவில் தன் மொழியில் நாவல் எழுதிய முதல் பெண். நிலம் பறித்தவர்களை எதிர்த்துக் கூட்டம் சேர்த்தாள். அரசாங்கம் வீட்டிலேயே அடைத்தது. அவளோடு யாரும் பேசக்கூடாது. இனி எழுதமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் விடுதலை.]

தொடக்கம் ஒன்று: மழை பெய்துகொண்டிருந்த அந்த

வேண்டாம். அந்த ஊர் மழை எனக்குத் தெரியாது.

தொடக்கம் இரண்டு: லிண்டிவே சன்னலைத் திறந்தாள். மரவள்ளிக்காடு. அதற்கப்பால் மோட்டார் ரூம்.

இது எங்கள் காடு. அடித்துவிட்டு எழுதினால் மறுபடி அதே மோட்டார் ரூம். வாசலில் ஒருத்தி நிற்கிறாள். அவளை நான் எழுதவில்லை.

3

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா பாப்பாயி இரண்டு வட்டலில் சோறு கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டு எதுக்கும்மா?"

அம்மா எருமையைத் தேடவில்லை. நேராகப் பார்த்தாள்.

"உங்கூடப் பேசிக்கிட்டே கெடக்கறாளே, அவளுக்கு."

"இங்க யாருமில்லம்மா."

"போ சாமி. அவ இருமறது அடுப்படி வரைக்கும் கேக்குது." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவ கையெழுத்துப் போட்டாளா?"

[முடிவு அ: போட்டாள். எல்லோரும் பேசினார்கள். அவளுக்குத்தான் பேச ஒன்றுமில்லை.

முடிவு ஆ: அடுப்பில் டீயைக் கொதிக்கவிட்டுப் பின்வாசல் வழியாக எல்லையை நோக்கி நடந்தாள். அப்புறம்]

"இன்னும் எழுதலம்மா."

"நீ எழுதலீன்னா? அவ கெளம்பிட்டாப்பல இருக்குது, பாரு."

செல்லாயி திரும்பினாள். இரண்டாவது வட்டல் காலி. அதில் கை கழுவிய தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

4

வெள்ளி. வாசலில் ராசு புல்லட்டை உதைத்தான். "எருமையம்மா, பத்திர ஆபீசுக்கு நேரமாச்சுன்னு சொல்லுங்க!"

செல்லாயி அடுப்பில் டீ வைத்தாள். எழுதிய தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு பின்வாசலில் இறங்கினாள். அம்மா பார்த்தாள். எருமையிடம்கூடச் சொல்லவில்லை.

பங்கு கிடைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். மோட்டார் ரூம் தாண்டிவிட்டேன். வாசலில் நின்றவளை இப்போது காணோம். முன்னால் மரவள்ளிச் செடிகள் மட்டும் ஒதுங்கி வழிவிடுகின்றன. டீ பொங்கப்போகிறது. நான் எழுதிய அந்த அறையில் இப்போது நீங்கள்தானே இருக்கிறீர்கள், எழுந்துபோய் இறக்கிவையுங்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை.