கடைசிக் கால் மணி நேரம்

மாணிக்கவாசகம் அந்தச் சங்கீதப் படத்தை ஒன்பது தடவை பார்த்திருந்தார். ஒன்பது தடவையும் முழுசாகப் பார்க்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

விஷயம் இதுதான். ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து மில்லில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு நிரந்தரமாக இரண்டாம் ஷிப்ட். மில் பஸ் தேவராஜ மார்க்கெட் முனையில் மதியம் ஒன்றே காலுக்குக் கிளம்பும். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பழைய படத்தை ஒரு வாரம் மார்னிங் ஷோவாகப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை நிறுத்திவிட்டுக் குழந்தைகளுக்கான கன்னடப் படம். மற்ற நாட்களில் பத்தரைக்கு ஆரம்பித்தால் முடிய ஒன்றரை ஆகும். ஆக, சிஷ்யன் பெரிய சபையில் பாடப் போய் மேடையில் உட்காரும்போது இவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். லீவு போட்டுப் படம் பார்ப்பது அவரைப் பொறுத்தவரை திருட்டுக்குச் சமம். தவிர, முடிவில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? சிஷ்யன் ஜெயிப்பான், குரு ஆசீர்வாதம் பண்ணுவார், சுபம்.

அவருடைய உயிர் அந்தக் குருவிடம்தான் இருந்தது. சிஷ்யன் எவ்வளவு உருகிப் பாடினாலும் அந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒரு தலையசைப்பு கிடையாது, ஒரு சபாஷ் கிடையாது. பாட்டு முடிந்ததும் "நாளைக்கு வா" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்காகவே மாணிக்கவாசகம் ஒன்பது தடவை டிக்கெட் எடுத்தார். "புகழ்ந்தா வித்தை கெட்டுப் போயிரும். அந்தாளு எப்படி வாயை இறுக்கிக்கிட்டு இருக்கறாரு பாருங்க" என்று மில் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்களைப் பிடித்துக் கதை சொல்வார். பாவம், அவர்களும் கேட்டுக்கொள்வார்கள்.

படத்தை ரசித்ததோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுபோனார், அங்கேதான் வினை.

அவருடைய ஒரே மகள் ரூபாவுக்குக் குரல் இருந்தது. அடுத்த தெருவில் சுலோசனா டீச்சரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டாள். மில்லுக்குக் கிளம்புவதற்கு முன் அவர் சாப்பிட உட்காரும்போது, பள்ளிக்கூட லீவு நாட்களில், புதிதாகக் கற்றதைப் பாடிக் காட்டுவாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பார். முடிந்ததும், "நாளைக்குப் பாடு" என்பார். உள்ளே நெஞ்சு விம்மும், வெளியே காட்ட மாட்டார். மனைவி சரசு, "புள்ள மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா என்ன, வாய் வலிக்குமா?" என்று கேட்பாள். சரசுவுக்குச் சங்கீதம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வார்.

எண்பத்தெட்டில் ராமநவமிப் பந்தலில் ரூபா முதன்முதலாக மேடையேறினாள். காலைக் கச்சேரி. முந்தின ராத்திரி ஓவர்டைம் பார்த்துவிட்டு, சட்டையில் பஞ்சு ஒட்டியபடி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார் மாணிக்கவாசகம். அரை மணி நேரமும் கண்ணைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "எப்படி இருந்துச்சுப்பா?" என்று கேட்டாள்.

"நாளைக்குப் பாடு, பாக்கலாம்."

அவள் அதற்கப்புறம் அவ்வளவாகப் பாடவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் டீச்சர் வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். வயசுப் பெண், மனசு வேறு பக்கம் போயிருக்கும் என்று இவர் விட்டுவிட்டார். பிறகு உமேஷுக்குக் கட்டிக்கொடுத்தார். அவள் சரஸ்வதிபுரத்தில் வீட்டோடு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றேழில் மில்லில் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அந்த மாதமே படம் வந்தது. பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை. ஒன்றே கால் நெருங்கியபோது பழக்கத்தில் அவர் கால் தானாக எழுந்தது. சிரித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

சிஷ்யன் பாடினான், சபை எழுந்து நின்றது. அவன் ஓடி வந்து குருவின் முகத்தைப் பார்த்தான். குரு, "நாளைக்கு வா" என்றார். அவன் தம்பூராவைக் கீழே வைத்துவிட்டுப் போனான். நாளைக்கு வரவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து, கிழவரான குரு அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். ஒரு மளிகைக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கிறான். பாடு என்கிறார். மறந்துவிட்டது என்கிறான். குரு அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போனேனே என்று நெற்றியில் அடித்துக்கொள்கிறார். படம் முடிந்தது.

கொட்டகைக்காரன் வந்து எழுப்பும்வரை மாணிக்கவாசகம் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷமாக எந்தக் குருவைக் கும்பிட்டாரோ, அந்தக் குருவே தப்பென்று அழுதுவிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. வெளியே வந்து ஆட்டோ பிடித்து நேரே மகள் வீட்டுக்குப் போனார்.

ரூபா மிஷினில் இருந்தாள். "வாங்கப்பா. ஊட்டா ஆய்தா?" என்று பாதிக் கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்தாள்.

"ஆச்சு அம்மணி." ஆகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "நீ நல்லாப் பாடுன" என்றார்.

"யாவாக? எப்போ?"

"அந்த ராமநவமிப் பந்தல்ல."

அவள் சிரித்தாள். "அய்யோ விடுங்கப்பா, அது ஒம்பது வருஷம் ஆச்சு. நீங்கதான் அன்னிக்குத் தூங்கிட்டீங்களே. ராத்திரியெல்லாம் ஓவர்டைம். பாவம், எழுப்பாதேன்னு மேடையிலேருந்தே அம்மாவுக்கு நான்தான் கண்ணைக் காட்டினேன். வழியில கேட்டப்பவும் நாளைக்குப் பாடுன்னு மழுப்பிட்டீங்க. பெத்த அப்பாவையே முழிச்சிருக்க வெக்காத பாட்டு நமக்கெதுக்குன்னு விட்டேன், அஷ்டே, அவ்வளவுதான். உங்க மேல தப்பில்ல."

"தூங்கல அம்மணி." அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தார். "கல்யாணி பாடுன. ரெண்டாவது வரி மறந்துபோச்சு உனக்கு. மொத வரியவே இன்னொரு தரம் சுத்திக் கொண்டாந்து சமாளிச்ச. பிடில்காரன் திரும்பிப் பாத்தான். அப்புறம் மேல போயி நின்ன பாரு, எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. ஒரு எழுத்து விடாமக் கேட்டேன்."

மிஷின் நின்றது.

"அஷ்டும், எல்லாமே கேட்டீங்களா?"

"கேட்டேன் சாமி."

"கேட்டுட்டும் ஒண்ணும் சொல்லாமயா வந்தீங்க?"

"அந்தப் படத்துல..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க தூங்கினதாவே இருந்திருக்கலாம்ப்பா," என்றாள் ரூபா. பிறகு எழுந்து, அவருக்குத் தட்டு வைக்க உள்ளே போனாள்.