ஓசிக் காற்று

சல்லடை என்றால்தான் கல் உடைக்கும் கிரஷரில் அவனைத் தெரியும். ஜல்லி சலிக்கிற இடத்தில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவன். இப்போது நுரையீரல் முழுக்கக் கல்தூள். மூக்கில் குழாய், மறுமுனையில் காற்று இயந்திரம். அதன் நெற்றியில் முதலாளியின் அறக்கட்டளைப் பெயர்.

அறக்கட்டளை மேலாளர் வீட்டுக்கே வந்து, அழுக்குப் படாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, நாளைக்கு நம்ம ஆய்வு மையத்துல விழா. மந்திரி வர்றாரு. நீங்க மேடையில சும்மா உக்காந்தா போதும்."

"என்ன ஆராய்ச்சியாம்?" என்றாள் மனைவி.

"கிரஷர் தூசிக்குன்னு சட்டம் வேண்டாம், தர்மமே ஆளைக் காப்பாத்துதுன்னு அறிக்கை. அண்ணன்தான் சாட்சி."

"கல்லு உடைக்கிறதும் உங்க முதலாளி, ஆராய்ச்சி பண்றதும் அவரேவா?"

"சேச்சே, மையம் தனி அக்கா. அறக்கட்டளை நிதி மட்டும்தான் கொடுக்குது. நாங்க கீழ் மாடி, அவங்க மேல் மாடி."

"படி ஒண்ணுதானே?"

மேலாளர் சிரித்துக்கொண்டே இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்தார். "நல்லா ஓடுதில்ல? இதுக்கு எத்தனையோ பேரு காத்துக்கிடக்காங்க."

அவள் விழாவுக்கு அவன் சட்டையை எடுத்து வைத்தாள்.

மண்டபத்தில் குளிரூட்டி, பூங்கொத்து, முன்வரிசையில் மந்திரி. கண்ணாடி போட்ட ஆராய்ச்சியாளர் அறிக்கையை வாசித்தார். கல் விழுகிற இடத்தில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். அந்தத் தண்ணீர்க் குழாயைத் தொழிலாளர்களே மூடிவிடுகிறார்கள். அப்புறம் சட்டம் எதற்கு?

இந்த ஆராய்ச்சியாளர் முன்பு வீட்டுக்கு வந்து டீ குடித்துக் கேட்டபோது சல்லடை முழுசாகத்தான் சொல்லியிருந்தான். ஈரத்தூள் ஜல்லி சலிக்கிற வலையின் ஓட்டைகளை அடைக்கும், லோடு குறையும், லோடு குறைந்தால் கூலியை வெட்டுவார்கள், மூடுடா என்று கத்துவதே மேஸ்திரிதான். அறிக்கையில் மேஸ்திரியைக் காணோம்.

சல்லடை கையை ஆட்டி மைக்கைக் கேட்டான்.

"தண்ணிய... நாங்கதான்... மூடினோம்..."

மூச்சு அதற்கு மேல் எட்டவில்லை. வாய் திறந்தபடி இருக்க, மிச்சம் வரவில்லை. மண்டபம் கைதட்டியது. மந்திரியும் தட்டினார். "அவரே ஒத்துக்கிட்டாரு பாருங்க!" என்றார் ஆராய்ச்சியாளர், மாப்பிள்ளைக் களையோடு.

மைக் மேடையில் பக்கத்தில் நின்ற மனைவி கைக்கு வந்தது. மூடச் சொன்னது நீங்க. மூன்றே வார்த்தை, நாக்கு நுனியில் இருந்தது. இயந்திரத்தின் மேல் மேலாளர் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள்.

திரும்பும்போது அறக்கட்டளை வேனில் அவன் கேட்டான்: "மிச்சத்த... ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்நேரம் புடுங்கியிருப்பானுங்க."

"அவனுங்க காத்த இழுத்தே... அவனுங்களுக்குச் சாட்சி... தூ!"

துப்பினான். எச்சில் ஜன்னலைத் தாண்டவில்லை, சட்டையிலேயே வழிந்தது. மூக்குக் குழாயைப் பிடித்தான். பிடித்தபடியே இருந்தான். கழற்றவில்லை.

அவள் முந்தானையால் சட்டையைத் துடைத்துவிட்டாள். முன் சீட்டில் மேலாளர் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அருமையா பேசினாருங்க. அடுத்த மாசம் தலைநகரத்துக்கே கூட்டிட்டுப் போலாம்."