முன்னுக்கும் ஒரு மட்கார்ட்

என் கணவர் பிரதீஸ் எட்டு வருடம் டோஹாவில் இருந்து கற்றுக்கொண்டு வந்த ஞானம் ஒன்றே ஒன்றுதான்: சைக்கிளுக்கு மட்கார்ட் தேவையில்லை.

"அங்க ஒருத்தரும் பூட்டுறேல்ல, சுதா. சும்மா பாரம்" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் லேடீஸ் சைக்கிளின் மட்கார்ட் இரண்டையும் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டோஹாவில் மழை எப்போதாவது வரும் விருந்தாளி. கொழும்பு வெள்ளவத்தையில் அது வீட்டு ஆள்.

நான் சட்டத்தரணி. பெற்றோல் வரிசைக் காலத்தில் வாங்கிய அந்தச் சைக்கிளில்தான் இன்றைக்கும் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகிறேன். அங்கே பெண்களின் அறையில் ஒரேயொரு கண்ணாடி, அதற்கு முன்னால் பத்துப் பேர். ஆகவே வெள்ளைச் சீலையை வீட்டிலேயே உடுத்து, ஊசி குத்திக்கொண்டு மிதிப்பேன்.

மறுநாள் விடியும்போது மழை விட்டிருந்தது, தெருவில் தண்ணீர் விடவில்லை. கொள்ளுப்பிட்டி தாண்டும்போதே முதுகு சில்லிட்டது. மன்றத்தில் நான் எழுந்தபோது இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு சேற்றுக்கோடு, கொசுவம் முழுக்கப் புள்ளிகள்.

"நீங்கள் என் கண்ணுக்குத் தெரியவில்லையே" என்றார் நீதிபதி. உடை சரியில்லாத சட்டத்தரணியை அப்படிச் சொல்லித்தான் உட்கார வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆள் பேசினால் காதிலும் விழாது. வழக்கு மூன்று கிழமை தள்ளிப்போனது.

அது கிராண்ட்பாஸில் இருபத்தாறு வருடமாக வாடகைக்கு இருக்கும் இராமலெட்சுமியின் வழக்கு. வீட்டின் சொந்தக்காரர் அவளை வீட்டைவிட்டு எழுப்பப் பார்க்கிறார். நான் தடையுத்தரவு கேட்டிருந்தேன். தவணை கிடைத்த தைரியத்தில் அந்த மனிதர் அவளுடைய அடுப்படிக்கு மேலிருந்த தகரத்தைக் கழற்றிவிட்டார்.

"மிஸ், இன்னொரு தவணை போட்டாங்கன்னா மிச்சக் கூரையும் போயிரும்" என்றாள் இராமலெட்சுமி. அவள் அழவில்லை. எனக்குத்தான் வெட்கத்தில் கண் நிறைந்தது.

அன்று பின்னேரம் பிரதீஸிடம் ஒரு வெள்ளைச் சாறத்தைக் கொடுத்தேன்.

"இதைக் கட்டிக்கொண்டு என்ர சைக்கிளில எங்கட ஒழுங்கையில மூண்டு தரம் ஓடுங்கோ."

"என்ன விசரே உமக்கு?"

"சாட்சியம் வேணும்."

ஓடினார். தேங்கிய தண்ணீரில் ஓடி வந்தவரின் முதுகைப் பார்த்து, மேல்மாடியிலிருந்து நாலு பேர் கைதட்டினார்கள். அடுத்த நாள் கிருலப்பனையில் இஸ்ஸதீன் நானாவின் சைக்கிள் கடைக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். நானா பழைய சைக்கிளொன்றிலிருந்து தகர மட்கார்ட் இரண்டு எடுத்தார். "பின்னுக்கு மட்டும் காணும்" என்றார் பிரதீஸ். சரி, அதையும் பார்ப்போம் என்று பின்னுக்கு மட்டும் பூட்டுவித்து மறுபடி ஓட விட்டேன். முதுகு தப்பியது, முழங்காலுக்குக் கீழே சாறம் சாக்காகிப் போனது. முன் சில்லு அடிக்கிற சேறு காலுக்குத்தான் வரும். முன்னுக்கும் பூட்டி, அதன் நுனியில் நிலத்தைத் தொடுமாப்போல் ஒரு ரப்பர் துண்டும் வைக்கச் சொன்னேன். மூன்றாம் ஓட்டத்தில் சாறம் வெள்ளையாகவே திரும்பியது. நானாவுக்குக் காசை எண்ணிக் கொடுத்தது என் கணவர்தான்.

தவணை நாளன்று விடியவிடியக் கொட்டிய மழை ஏழு மணிக்கு விட்டது. தண்டவாளத்தில் மரம் விழுந்து கோச்சி இல்லை. காலி வீதியில் பஸ்கள் அசையவில்லை. நான் மிதித்தேன். பம்பலப்பிட்டியில் கணுக்கால் தண்ணீர், காலிமுகத்திடலில் கடற்காற்று, புறக்கோட்டையில் கறுப்புச் சேறு. ஒரு வாகனமும் என்னை முந்தவில்லை. மன்றம் கூடும் ஒன்பதரைக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இறங்கி, கொசுவத்தை நீவிப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை! எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

வழக்கைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரரின் சட்டத்தரணி பூபாலசிங்கம் அப்போதுதான் ஓடி வந்தார். "சைக்கிள் கோட்டுக்கு வாற வாகனமில்லை, தங்கச்சி" என்று போன தவணையில் சிரித்தவர். அவருடைய கார் வெள்ளத்தில் நின்றுவிட்டது. வெள்ளைக் காற்சட்டை தொடைவரை சேறு.

நீதிபதி அவரைப் பார்த்தார். "நீங்கள் என் கண்ணுக்குத் தெரியவில்லையே."

அவரை உட்கார வைத்தால் இன்னொரு தவணை. இன்னொரு தவணை என்றால் மிச்சக் கூரை. அதோடு, சேற்றினால் வென்றாள் என்று யாரும் சொல்ல நான் விடுவேனா? எழுந்தேன்.

"கனம் நீதிபதி அவர்களே, எனக்கு அவரை நன்றாகத் தெரிகிறது. அவர் பேசட்டும்."

மன்றம் சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டுத் தலையாட்டினார். பூபாலசிங்கம் இருபது நிமிடம் பேசினார். நான் பத்து நிமிடம். தீர்மானம் இரண்டே வரி: வழக்கு முடியும்வரை அந்த வீட்டில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. கழற்றிய தகரத்தை இன்று மாலைக்குள் திரும்பப் பூட்ட வேண்டும்.

வாசலில் இராமலெட்சுமி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஜெயிச்சிட்டோம் மிஸ்!" இப்போது இரண்டு பேரும் அழுதோம்.

வானம் மறுபடி கறுத்தது. பிரதீஸுக்கு போன் எடுத்தேன்.

"வெண்டாச்சு. உடன கிராண்ட்பாஸுக்கு வாங்கோ. தகரத்தைச் சரியாப் பூட்டியிருக்கிறாங்களோ, மழை ஒழுகுதோ எண்டு கீழ நிண்டு பாக்க ஓராள் வேணும்."

"ஓம், வாறன். என்ன கொண்டு வர?"

"அந்த வெள்ளைச் சாறத்தைக் கட்டிக்கொண்டு வாங்கோ."