செங்கல்வராயனின் பச்சைக் குடம்

1992 ஐப்பசியிலிருந்து கரையான்சாவடியில் செங்கல்வராயன் வீட்டுக்குள் வாரம் இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்கியது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு கிட்னியும் கெட்டுப்போன அவர் உடம்பை விட்டு வெளியேற வழியில்லாத தண்ணீர் அது. செவ்வாயும் வெள்ளியும் பட்டணத்து ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தால் தரை காய்ந்திருக்கும். மறுநாள் சுவரோரம் ஈரம் கசியும், வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கணுக்கால் நனையும். செவ்வாய்க்கு ஒரு நாள் கூடுதல் என்பதால் முழங்கால் வரை ஏறும். அம்பத்தூர் எஸ்டேட்டில் கூட வேலை பார்த்த வீராசாமி அவரைக் கூட்டிப்போக அந்த இரண்டு நாளும் ஷிப்ட் மாற்றிக்கொண்டார். மனைவி கன்னியம்மா கட்டில் காலுக்கு நாலு செங்கல் வைத்தாள். தண்ணீர் கட்டிலையே தொட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருடம் ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம். லாரி வரும் முன்பே தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒருவர் குடத்தை இன்னொருவர் நகர்த்திய பேச்சே அந்தத் தெருவில் கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாத மனுஷன் வீட்டில் மட்டும் தண்ணீர் தளும்பியது. எதிர்வீட்டு ரோஸி பாத்திரம் கழுவ இரண்டு குடம் மொண்டு போனாள். உப்புக் கரித்தது. ஆனால் அவள் மொண்ட கொஞ்ச நேரத்தில் செங்கல்வராயனுக்கு மூச்சிரைப்பு அடங்கிவிட்டது.

அங்கேதான் தெருவே ஏமாந்தது. ஆடி வெள்ளி, அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். பெண்கள் காலையிலேயே வீட்டை மொண்டு வற்றடித்தார்கள்.

"நல்லா கீறேன்மே," என்றார் செங்கல்வராயன். "கூழ் ஊத்திட்டு மெஷினுக்கு செவ்வாக்கெழம போய்க்கலாம்."

சனி, ஞாயிறும் மொண்டார்கள். திங்கள் காலை தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. செங்கல்வராயனுக்குக் காலைத் தூக்க முடியவில்லை, நாடி விட்டுவிட்டு அடித்தது. இத்தனை மாதமாகத் தண்ணீருக்குப் பயந்த கன்னியம்மா அன்றுதான் காய்ந்த தரையைப் பார்த்து நடுங்கினாள். ரோஸியின் புருஷன் பால்ராஜ் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை வராததால் அவர் முறை வேறொருவருக்குப் போயிருந்தது, திங்கள் அவர் நாளும் இல்லை. மெஷின் காலியாகும்வரை வாசல் பெஞ்சில் கிடத்தினார்கள். அந்த இரண்டு மணி நேரமும் கன்னியம்மா அவர் மார்பில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"தண்ணியத்தான் மொண்டு கொட்டிகினு இருந்தீங்க," என்றாள் நர்ஸ் சகாயமேரி. "ரத்தத்துல ஏறிகினு கீற விஷத்த எந்தக் கொடத்துல மொள்ளுவீங்க?"

அவர் பிழைத்தார். மறுநாளே கன்னியம்மா தன் பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுபோய் மெஷின் அறை வாசலில் வைத்தாள்.

"இது இன்னாமா?" என்றாள் நர்ஸ்.

"எங்க ஊட்டுக்காரரு எடம். இத்த யாரும் நவுத்தக்கூடாதுக்கா."

முதலில் காலால் ஓரம் தள்ளிய வார்டுபாய், தள்ளத் தள்ளக் குடம் பழைய இடத்துக்கே வந்து நின்றதும் விட்டுவிட்டான். அதைப் பார்த்து மற்ற நோயாளிகளும் வைத்தார்கள். இரண்டு வருடத்தில் பதினோரு குடம் ஆயிற்று. கரையான்சாவடியில் வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும் அந்த வரிசை கலையவில்லை.

1997 தை மாதம் வெள்ளனூர்க்காரர் ஒருவரின் மஞ்சள் குடம் மட்டும் ஆள் வராமல் நின்றது. அவர் இனி வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆனாலும் குடத்தை யாரும் நகர்த்தவில்லை. அவர் முறை வந்தபோது மெஷின் தானாகவே நாலு மணி நேரம் ஓடி நின்றது. சகாயமேரி நோட்டில் நேரம் குறித்துக்கொண்டாள். அடுத்தது பச்சைக் குடம். கன்னியம்மா குடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் புருஷன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கரையான்சாவடியில் வீட்டுத் தரை காயத் தொடங்கியது.