மூன்றாவது போகம்

விதைக்காரரின் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சில் வந்த அடுத்த பருவத்தில், அவர் உருவாக்கிய சூரியகாந்திகள் சூரியனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவருடைய அக்காவைப் பார்க்கத் தொடங்கின. முதலில் கவனித்தவர் ஆராய்ச்சி நிலையத்துக் காவலாளி. காலையில் கிழக்கே பார்க்க வேண்டிய பூக்கள் மொத்தமும் வடக்கே திரும்பி, வேதியியல் கட்டடத்தின் மாடி ஜன்னலைப் பார்த்தபடி நின்றன. அக்கா படியிறங்கிச் சாப்பிடப் போனார். பூக்களும் தலையைத் தாழ்த்திக்கொண்டு திரும்பின. கழிவறைக்குப் போனார், அங்கும் திரும்பின. அந்த அம்மாள் எங்கே போகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பது அன்றிலிருந்து தோட்டக்காரர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்று. சுவர்களைப் பூக்கள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். முன்பகுதியில் தம்பியும் மனைவியும், பின்பகுதியில் அக்கா, நடுவே ஒரு கதவு. அக்கா கரிம வேதியியல் படித்தவர். கல்யாணம் என்பதை ஒரு கருதுகோளாகக்கூட அவர் எடுத்துப் பார்த்ததில்லை என்று தெருவில் சொல்வார்கள். வயல் வரப்பில் கிடக்கும் ஒரு களையின் வேரில் புழுக்கள் வாய் வைப்பதில்லை என்று கண்டு, அந்தக் கசப்பைப் பிரித்து, அதன் அமைப்பை அறிந்து, பிறகு அதே பொருளைத் தன் குடுவையிலேயே வெள்ளைப் படிகமாகச் செய்து காட்டியவர் அவர். அந்தக் கசப்பைச் செய்யும் மரபணுவைக் களையிலிருந்து எடுத்துச் சூரியகாந்திக்குள் வைத்தவர் தம்பி. பூவின் தலையைத் துளைக்கும் புழு அந்தச் செடியின் பக்கமே வரவில்லை. இரண்டு போகம் விளைந்தது. நிலையமே தலைகால் புரியாமல் ஆடியது.

அக்கா ஆடவில்லை. கசப்பு வேர் வழியாக மண்ணில் இறங்கித் தங்குமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதே மண்ணில் மூன்றாவது போகம் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். தம்பிக்கோ அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. கடல் கடந்து வேறு யாரோ இதே வேலையைச் செய்கிறார்கள் என்ற பேச்சும் காதில் விழுந்திருந்தது. சமையலறையில் வாக்குவாதம் முற்றியது. எதிர்வீட்டுத் தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

"மூணாவது போகம் பாக்காம என் பேரு அதுல வேண்டாம்" என்றார் அக்கா.

இதில் எந்தப் பாதியைத் தம்பி காதில் வாங்கினார் என்பதுதான் பிறகு நடந்ததற்கெல்லாம் வேர். கட்டுரை வந்தது. ஆசிரியர் பெயர்களில் அக்கா இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் மட்டும், குடுவைகளைக் கழுவித் தந்த உதவிக்காக அவருக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. கேட்டால், "அவங்களேதானே வேண்டாம்னாங்க?" என்பார் தம்பி. பொய்யும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு உண்மையைவிட நல்ல சோறு கிடையாது.

குடுவை கழுவுவது அக்காவுக்கு விளையாட்டல்ல. கழுவிய கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் அது அழுக்கு. போர்வை சரிவதுபோல் ஒரே படலமாக இறங்கினால்தான் சுத்தம் என்பார். உதவியாளர்கள் கழுவிய குடுவைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். அப்படிப்பட்டவர், கட்டுரையைப் படித்த நாளிலிருந்து தம்பியோடு பேசுவதை நிறுத்தினார். நடுக்கதவு மட்டும் திறந்தே இருந்தது. தம்பி மனைவி தபால்காரி ஆனாள். "அண்ணி, பால் இருக்கான்னு கேக்குறாரு" என்பாள் இந்தப் பக்கம். "இருக்குன்னு சொல்லும்மா" என்பார் அக்கா, மூன்றடி தள்ளி நிற்கும் தம்பிக்குக் கேட்கும்படியாகவே.

பூக்கள் திரும்பியதை ஆராய நிபுணர் குழு ஒன்று வந்தது. காந்தம், ஒளி, காற்று எல்லாவற்றையும் அளந்தார்கள். அக்காவைச் சற்று நடந்து காட்டச் சொன்னார்கள். "எனக்கு வேலை இருக்கு" என்று அவர் தன் அறைக்குப் போனார். ஆயிரம் பூக்கள் கூடவே போயின. புழுவெதிர்ப்புக்கு இதனால் பாதகமில்லை என்று குழு எழுதிக் கொடுத்தது. ஒரு கம்பெனி வழியாக விதை விற்பனைக்குப் போனது. கண்ட கண்ட நாடுகளில் அது முளைத்தது, முளைத்த இடத்திலெல்லாம் அந்த ஒரு வீட்டைப் பார்த்தது. தூரத்து வயல்களில் லாரி ஓட்டுபவர்கள் பூவைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். விதைக்காரருக்கு வேலை நிரந்தரமாகி, பதவி உயர்ந்து, பட்டங்களும் வந்தன. ஆனால் எந்த நாட்டு மேடையில் ஏறினாலும் அலங்காரத்துக்கு வைத்த பூக்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுத் திசையைப் பார்த்தன. பேச்சைப் பாதியில் சுருக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்.

சில வருடங்கள் பொறுத்து அவர் ஒரு திருத்தம் வெளியிட்டார்: ஆசிரியர் வரிசையில் அக்காவின் பெயர் விடுபட்டுவிட்டது, அதை முதலாவதாகச் சேர்த்து வாசிக்கவும். தெருவே அவரைப் பாராட்டியது. மனைவி அந்தத் தாளை அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா படித்தார். எழுந்து வந்து, அதுவரை திறந்தே இருந்த நடுக்கதவைச் சாத்திவிட்டுப் போனார். நம்பாத ஒன்றுக்குத் தன் பெயரை ஒட்டியது, பெயரை எடுத்ததைவிடப் பெரிய அவமானம் என்பது விதைக்காரருக்கு விளங்க இன்னும் ஒரு வருடம் பிடித்தது. தையல்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. "வேண்டாம்னு சொன்ன விருந்தாளிக்கு ரெண்டாவது தடவையும் பரிமாறுன கதை" என்றார்.

விளக்கியவர் ஒரு விவசாயி. தோளில் ஒரு மூட்டையுடன் தெருவுக்குள் வந்தார். முகவரி கேட்கவில்லை, ஊர் ஊராகப் பூக்கள் பார்த்த திசையிலேயே நடந்து வந்ததாகச் சொன்னார். நேராகப் பின்வாசலுக்குப் போய் அக்காவின் கதவைத் தட்டினார்.

"அம்மா, இருக்கறது ஒரே துண்டு நிலம். மாத்திப் போட வேற இடமில்ல. மூணாவது தடவையும் இதையே போட்டேன். பூவு பெருசாத்தான் வந்துச்சு. விதை பூரா பதரு. கம்பெனில கேட்டா உன் மண்ணு சரியில்லங்கறாங்க."

அக்கா மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி விதை அள்ளி ஊதினார். உள்ளங்கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்னொரு கைப்பிடி அள்ளிக்கொண்டு நடுக்கதவைத் திறந்து முன்பகுதிக்கு வந்தார். தம்பியின் மேசையில், பட்டங்களுக்குக் கீழே, அதை வைத்துவிட்டுத் திரும்பினார். அந்த விவசாயிக்குப் பிறகு இன்னும் பலர் வந்தார்கள். எல்லோரும் நிலம் குறைந்தவர்கள். எல்லோருக்கும் வழி சொன்னது பூதான்.

விதைக்காரர் பதவியிலிருந்து விலகினார். நிலையத்தின் பின்னால் ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கி, முதல் போகத்திலிருந்து மறுபடி தொடங்கினார். உதவிக்கு யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. மண்ணைத் தானே அள்ளினார், கசப்பைத் தானே பிரித்தார், குடுவைகளைத் தானே கழுவினார். கையில் தோல் உரிந்தது. இரண்டு போகம் பொன்னாய் விளைந்தது. மூன்றாவது போகத்தில் பூக்கள் வண்டிச்சக்கரம் அளவுக்கு மலர்ந்தன, உள்ளே பதர். மண்ணில் அக்காவின் படிகம் அக்கா சொன்னபடியே தங்கியிருந்தது.

தன் கட்டுரை தவறு என்று சொல்லும் கட்டுரையை அவர் எழுதினார். விதைக் கம்பெனி அவரைச் சந்திக்க மூன்று பேரை அனுப்பியது. பிறகு வக்கீலை அனுப்பியது. பட்டங்களில் பாதியைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தார். அச்சுக்கு அனுப்பும் முன் கடைசிச் சோதனையை ஒருமுறை சரிபார்க்க, அவர் ஆய்வகத் தொட்டியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ வந்து நின்றது ஜன்னலுக்கு வெளியே பூக்கள் திரும்பியதில் தெரிந்தது. அக்கா குடுவையை அவர் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அடியில முத்து நிக்குதுடா. திரும்பக் கழுவு."

விதைக்காரர் திரும்பக் கழுவினார். கண்ணீர் மறைத்ததால் அதிக நேரம் ஆனது. அக்கா பக்கத்திலேயே நின்றார். தண்ணீர் படலமாக இறங்கியதும், "இப்போ என் பேரப் போடு" என்றார்.

இரண்டு பெயர்களும் போட்டு வந்தது அந்தக் கட்டுரை. நன்றி வரியை அக்காவே எழுதினார்: குடுவைகளைக் கழுவியவர் தம்பி. ஒரே மண்ணில் மூன்றாவது முறை விதைக்கக் கூடாது என்று விதைப் பொட்டலங்களில் சிவப்பு எழுத்து ஏறியது. பூக்கள் மட்டும் பழையபடி அக்காவையே பார்த்தன. தூரத்து வயல்களில் விடியற்காலையில் அவை ஒரு மயிரிழை அசைந்தால், அக்கா எழுந்துவிட்டார் என்று சொல்லி அங்குள்ளவர்கள் வேலைக்குக் கிளம்பினார்கள்.

வயதாகி ஒரு மழைக்காலத்தில் அக்கா இறந்தார். அன்று எல்லா நாட்டுப் பூக்களும் மண்ணைப் பார்த்தன. அவை சுடுகாட்டுப் பக்கம் திரும்பும் என்று தெருவில் பந்தயம் கட்டியவர்கள் தோற்றார்கள். மறுநாள் விதைக்காரர் வேலைக்குப் போய்த் தொட்டியில் குடுவை கழுவியபோது, ஜன்னலுக்கு வெளியே நின்றவை அத்தனையும் தலையைத் தூக்கி உள்ளே பார்த்தன. தன்னைத்தானோ என்று அவருக்கு ஒரு நிமிடம் தோன்றியது. குடுவையைத் தாங்கியில் கவிழ்த்து வைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்று பார்த்தார். பூக்கள் அவர் கூட வரவில்லை. ஒரு முத்தும் நிற்காமல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்த அந்தக் குடுவையையே பார்த்தன. அதுதான் சரி என்று தலையாட்டிவிட்டு, விதைக்காரர் அடுத்த குடுவையைக் கையில் எடுத்தார்.