ஆம்ப்பில் வந்த பாதிக் குரல்

மாலை ஏழு மணியானால் மெர்சியின் கிட்டார் ஆம்ப், கிட்டார் ஒலியைப் பெருக்கும் அந்தப் பெட்டி, பேச ஆரம்பித்தது.

அதைப் பேச்சு என்று சொல்லலாமா என்று அவளுக்கே சந்தேகம்தான். வாத்து ஒன்று மூக்கடைத்துப்போய் அவசர அவசரமாக ஏதோ சொல்வது போலிருக்கும். ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் வெறும் இரைச்சலும் இல்லை. மூச்சு வாங்கும் இடம் இருந்தது; கேள்வி கேட்பதுபோல் குரல் ஏறும் இடமும் இருந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் செக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க ஷூக்களைப் புரட்டிப் பார்த்து, தையல் பிசகிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அந்தப் பிசகு எந்த மேசையில், எந்த மிஷினில் வந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் கிட்டார் வாசிப்பாள். குருத்தோலை ஞாயிற்றுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. புதிதாக மூன்று பாட்டு பழக வேண்டும்.

"தோல் டேனரி மோட்டாரா இருக்கும்" என்றான் அவள் கணவன் ஜோசுவா.

"மோட்டாரு நடுவுல நிறுத்தி யோசிக்குமா?"

மூன்று நாள் அவள் பாட்டை விட்டுவிட்டு, கைபேசியில் நேரத்தைப் பார்த்தபடி அந்தச் சத்தத்தையே கேட்டாள். கொஞ்ச நேரம் பேச்சு. பிறகு ஒரு நிமிடம் அமைதி. மறுபடி பேச்சு. மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. இடையில் யாரோ பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில் மட்டும் ஆம்ப்புக்கு எட்டவில்லை. அப்படியானால் பதில் சொல்கிறவர் தூரத்தில் இருக்கிறார். இந்த வாத்து பக்கத்திலேயே எங்கோ இருக்கிறது.

"போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடலாம்" என்றான் ஜோசுவா.

"யாருன்னே தெரியாம இன்னா சொல்றது? மொதல்ல நான் பாத்துட்டு வர்றேன்."

மொட்டை மாடிக்குப் போய்ச் சுற்றிலும் பார்த்தாள். டிஷ்கள், துணிக்கொடிகள், தண்ணீர்த் தொட்டிகள். பின்தெருவில் ஒரு மாடி வீட்டின் தொட்டியிலிருந்து எதிர்மூலை மூங்கில் வரை ஒரு மெல்லிய கம்பி ஓடியது. துணி காயப்போடும் உயரத்தில் அது இல்லை.

மறுநாள் வேலை விட்டதும் அந்த வீட்டு மாடிப்படி ஏறினாள். கதவைத் திறந்தவளுக்குக் கிட்டத்தட்ட அவள் வயதுதான் இருக்கும். தலையில் துப்பட்டா, கழுத்தில் ஹெட்போன்.

"என் பேரு மெர்சிங்க. முன்தெரு. என் கிட்டார் ஆம்ப்ல உங்க குரல் வருதுன்னு நெனைக்கிறேன்."

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று வாடியது. "சரிங்க. நாளைக்கே கம்பியக் கழட்டிடறேன்."

அவள் பெயர் நசீமுன்னிசா. வாணியம்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. பரீட்சை எழுதி, அரசாங்க உரிமம் வாங்கி, இரண்டு வருடமாக ஹாம் ரேடியோவில், வீட்டிலிருந்தே தூரத்து ஊர்க்காரர்களோடு, பேசுகிறாள். கீழ்வீட்டில் இருக்கும் உரிமையாளர் முனீர் அகமதுவின் டிவி ஸ்பீக்கரும் செய்தி நேரத்தில் வாத்தாக மாறியிருந்தது. இன்னொரு புகார் வந்தால் கம்பி இறங்க வேண்டியதுதான் என்று அவர் சொல்லியிருந்தார்.

"நான் கழட்டச் சொல்ல வரலைங்க" என்றாள் மெர்சி. "அது எப்படி உள்ள பூருதுன்னு தெரிஞ்சாகணும்."

நசீமுன்னிசா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு கதவை முழுதாகத் திறந்தாள். "உங்க ஆம்ப்ல நான் எப்படிக் கேக்கறேன்?"

மெர்சி வாத்துபோலப் பேசிக் காட்டினாள். நசீமுன்னிசா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்த செட்டு குரல்ல ஒரு பாதியத்தான் அனுப்பும். கேக்கற ரேடியோ மீதியச் சேத்துக்கும். உங்க ஆம்ப்புக்கு அது தெரியாது, பாவம்."

சனிக்கிழமை சோதனை வைத்துக்கொண்டார்கள். நசீமுன்னிசா மாடியில் செட்டில் பேச, மெர்சி தன் வீட்டில் கேட்டு, போனில் சொல்ல வேண்டும். முதலில் ஆம்ப்பின் சத்தத்தைக் குறைத்தாள். வாத்தும் குறைந்தது.

"அப்ப வால்யூமுக்கு முன்னாடியே வந்துடுது" என்றாள் நசீமுன்னிசா போனில்.

கிட்டாரைக் கழற்றிவிட்டு ஒயரை மட்டும் ஆம்ப்பில் விட்டாள். வாத்து கத்தியது. ஒயரையும் பிடுங்கினாள். சுத்தமான அமைதி. மறுபடி சொருகினாள். மறுபடி வாத்து. மெர்சிக்குக் கைவிரல்கள் பரபரத்தன. கம்பெனியில் என்றால் இந்நேரம் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள்.

பிளக்கின் மூடியைத் திருகித் திறந்தாள். உள்கம்பியைச் சுற்றிக் காவலாக வரும் செப்பு வலை பிளக்கைத் தொடவே இல்லை. அறுந்து, இரண்டு இழைகள் மட்டும் மீசைபோல நீட்டிக்கொண்டிருந்தன. காவல் போன ஒயர் ஏரியலாகிவிட்டிருந்தது. எத்தனை வருடம் மிதித்து, இழுத்து, சுருட்டியிருப்பாள்.

நசீமுன்னிசா சால்டரிங் மிஷினோடு வந்து பற்றவைத்தாள். பிறகு செட்டை இயக்கப் போனாள். வாத்து இருந்தது, ஆனால் வெகுதூரத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து கத்துவதுபோல. மெர்சிக்கு அதுவும் பொறுக்கவில்லை. நசீமுன்னிசா திரும்பி வந்து, பையிலிருந்து கறுப்பாக ஒரு ஃபெரைட் வளையத்தை, ரேடியோ அலையை ஒயரிலேயே வழிமறிப்பதை, எடுத்தாள். ஆம்ப்புக்குப் பக்கத்தில் ஒயரை அதற்குள் ஐந்து சுற்று சுற்றினார்கள். அடுத்த முறை அவள் பேசியபோது ஆம்ப்பில் மின்விசிறிக் காற்றளவு உஸ்ஸென்ற சத்தம் மட்டுமே இருந்தது.

"பேசறீங்களா?" என்று மெர்சி போனில் கேட்டாள்.

"அஞ்சு நிமிஷமா பேசினுக்கீறேன்."

அன்றைக்கே இருவரும் முனீர் அகமது வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவருடைய டிவி ஸ்பீக்கர் ஒயர் தேவைக்கு மூன்று மடங்கு நீளமாகத் தரையில் கிடந்தது. மெர்சி அதைச் சுருக்கிக் கட்டி இன்னொரு வளையத்தில் சுற்றினாள். நசீமுன்னிசா மாடிக்குப் போய்ப் பேசினாள். முனீர் அகமது ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். செய்தி வாசிப்பவர் தடையில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"மேல பேசுதா அந்தப் பொண்ணு?"

"பேசுது பாய்."

"அப்ப கம்பி இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "மழைக்காலத்துக்கு முன்னாடி அந்த மூங்கில மாத்தச் சொல்லும்மா. ஆடுது" என்றார்.

மெர்சி மாடிக்குப் போய்ச் செய்தியைச் சொன்னாள். நசீமுன்னிசா ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டினாள். உரிமம் இல்லாமல் பேசத்தான் கூடாது, கேட்கலாம். கடலலை போன்ற இரைச்சலுக்குள் ஒரு ஆணின் குரல், இலங்கைத் தமிழில், யாழ்ப்பாணத்தில் இப்போதுதான் மழை விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் ஆம்ப் தராத பதில் இதுதான். அந்தக் குரல் இங்கே வெயில் எப்படி என்று கேட்டது. மெர்சி வாயைத் திறந்துவிட்டு, சட்டென்று மூடிக்கொண்டாள்.

"அந்தப் பரீட்சைக்கு இன்னா படிக்கணும்?" என்று நசீமுன்னிசாவிடம் கேட்டாள்.